வாய்சுடுவான்

லெ ஆவ்ர்,
11 பிப்ரவரி 1934

அன்புள்ள அன்செல்ம் அண்ணனுக்கு,

நானும் ஜெர்மேனும் சுகம். துறைமுகத்தில் பனிமூட்டம் விலகிவிட்டது, கப்பல்காரர்கள் இறங்குகிறார்கள், புகையிலைக் கடையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டிய நிலை இல்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சேன் க்ளோத்தில் இன்னும் பனி கிடக்குமே, பட்டறைப் படிக்கட்டில் சுவரைப் பிடித்து இறங்குங்கள்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய புதுச் சுங்கானில் புகையிலை அடைத்து ஆற அமரப் பிடித்துப் பார்த்தேன். தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கிண்ணத்தின் சுவர் மாதாகோவில் சுவர் மாதிரி தடிமன். கைக்குச் சூடு ஏறாது, சரி. ஆனால் கிண்ணம் உள்ளே ஒரு விரல்கூட நுழையாத அளவுக்குக் குறுகல். நான் பற்றவைத்துப் புகை வாய்க்கு வருவதற்குள் எதிரே நின்ற கப்பல் நியூயார்க் போய்விட்டது. வந்த புகையும் மழையில் நனைந்த வைக்கோல். நம் பட்டறை முத்திரை இதற்கு வேண்டாம்.

நீங்கள் பல்லைக் கடிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. என்ன செய்வது, என் நாக்கு சம்மதிக்காத எந்த வடிவமும் முத்திரை பெறக்கூடாது என்று அப்பா எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். "கை கூலிக்குக் கிடைக்கும், நாக்கு பிறக்கணும்டா" என்பார். கை உங்களுக்கு வாய்த்தது, நாக்கு எனக்கு.

அந்த நாக்கே இப்போது கொஞ்சம் மக்கர் செய்கிறது. ஒரு மாதமாக இடது பக்கம் சுவை ஏறவில்லை. எந்தச் சுங்கானை எடுத்தாலும் பாதி வாய்க்குத்தான் புகையிலை. வாய் கசந்தால் கிண்ணத்தைப் பார் என்பதுதானே நம் ஊர்ப் பேச்சு. அதனால் வாய் அகன்று ஆழம் குறைந்த கிண்ணம் ஒன்று கடைந்து அனுப்புங்கள். குறை அதிலா என்னிலா என்று தெரிந்துவிடும்.

பாதிஸ்துக்கும் பட்டறை ஆட்களுக்கும் என் வணக்கம்.

உங்கள் தம்பி,
கஸ்தோன்

⁂

சேன் க்ளோத்,
4 மார்ச் 1934

அன்புத் தம்பி கஸ்தோனுக்கு,

உன் கடிதம் கண்டேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, பனி உருகினால் குறையும். உன் வீட்டுக்காரி ஜெர்மேனை விசாரித்ததாகச் சொல்.

வைக்கோல் என்று எழுதியதைப் பாதிஸ்துக்கு வாசித்துக் காட்டினேன். மெருகுத்துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். இருபது வருஷமாக உன் கடிதம் வந்தால் பட்டறையில் அன்றைக்குச் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. நானும் சிரிக்கிறேன்.

நீ கேட்டபடி சட்டிபோல் அகன்ற கிண்ணம் ஒன்று கடைந்திருக்கிறேன். மரம், அப்பா மாடியில் உலர்த்தி வைத்துவிட்டுப் போன பிரையர் வேர்க்கட்டைகளில் ஒன்று. அதுபோன்ற வேர் இனிக் கிடைக்காது. அகன்ற கிண்ணத்தில் நெருப்பு பரந்து நிற்கும், அவசரப்படாது. பல இலை கலந்த புகையிலையானால் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக வாய்க்கு வந்து பேர் சொல்லிவிட்டுப் போகும். உனக்குத் தெரியாததில்லை, எழுதும் பழக்கத்தில் எழுதுகிறேன். ரத்த உறவுக்குப் பழக்காத சுங்கான் அனுப்புவது நம் ஊரில் கிடையாது என்பதால், நானே இரண்டு வாரம் பிடித்து உள்ளே கரிப்பூச்சு ஏற்றித்தான் அனுப்புகிறேன். முதல் சூடு என் வாயோடு போகட்டும்.

இடது பக்கம் என்றாயே, அது நாக்கின் ஓரமா? அங்கே வெள்ளையாக ஏதாவது படர்ந்திருக்கிறதா? சூடான சூப் பட்டால் எரிகிறதா? அதே பக்கத்துக் காது குத்துகிறதா? அடுத்த கிண்ணத்தின் அளவைத் தீர்மானிக்கத்தான் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்,
அன்செல்ம்

⁂

லெ ஆவ்ர்,
15 ஏப்ரல் 1934

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தான். ஜெர்மேனுக்கு மட்டும் சளி பிடித்திருக்கிறது. உயிர்த்த ஞாயிற்றுப் பூசையில் அவள் இருமிய இருமலில் பங்குச்சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். ஊர் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறது.

என்ன அண்ணே, கிண்ணம் கடைகிறீர்களா, வைத்தியம் பார்க்கிறீர்களா? கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆமாம், ஓரம்தான். வெள்ளையாக ஒரு பட்டாணி அளவு இருக்கிறது, நாக்கால் தடவினால் சொரசொர என்கிறது. சூப் பட்டால் எரிகிறது. காதும் குத்துகிறது, நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். கொம்தே சீஸ் சாப்பிட்டால் சோப்பு மாதிரி இருக்கிறது. இவ்வளவும் கிண்ணத்தின் விட்டத்துக்குத் தேவைப்படுமா?

சட்டிக் கிண்ணத்துக்கு வருகிறேன். பார்க்க லட்சணம். பிடித்தால் வெளிறல். சுவை எங்கேயோ பக்கத்துத் தெருவில் நடக்கிற கல்யாணம் மாதிரி இருக்கிறது, நமக்கு அழைப்பில்லை. முத்திரை கிடையாது. அப்பாவின் வேரைப் பாழாக்கியதற்கு அவர் கல்லறையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிடுங்கள்.

சுவையைத் திரட்டிக் கொடுக்கிற மாதிரி ஏதாவது யோசியுங்கள். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

தம்பி,
கஸ்தோன்

⁂

பெசான்சோன்,
6 மே 1934

அன்செல்ம் அண்ணனுக்கு ஒடில் எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அவருக்கு ரயில்வேயில் இரவு வேலை முடிந்து பகல் வேலை கொடுத்திருக்கிறார்கள். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

வளர்த்தாமல் விஷயத்துக்கு வருகிறேன். தம்பி எனக்கு எழுதியிருக்கிறான். நாக்கில் வெள்ளையாம், சீஸை விட்டுவிட்டானாம், நீ செய்கிற சுங்கான் ஒன்றும் சரியில்லையாம். படித்ததும் அப்பாவின் பழைய கடிதத்தைத் தேடி எடுத்தேன். அப்பா எனக்குக் கடைசியாக எழுதினாரே, ரொட்டி மரத்தூள் மாதிரி இருக்கு, அன்செல்ம் கிண்ணத்தை மாத்திக்கிட்டே இருக்கான் என்று, நினைவிருக்கிறதா? பிறகு நடந்ததெல்லாம் நீ ஒருத்தன்தான் பார்த்தாய். நான் வந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள். ஆறு மாசம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பிழைச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னார் என்று கல்லறை வாசலில் என்னிடம் சொன்னது நீதான்.

கஸ்தோனுக்கு இது தெரியாது. போர்முனையில் இருப்பவன் மனசு உடையக்கூடாது என்று மார்ச்சளியில் போய்விட்டார் என்று எழுதினாய். பிறகு யாரும் அதைத் திருத்தவில்லை, நானும்தான்.

நீ அவனுக்கு உடனே எழுது. சுங்கானை மூட்டை கட்டிவிட்டு டாக்டரிடம் போ என்று எழுது. நான் எழுதினால் பொம்பளைப் பயம் என்று சிரிப்பான். நீ சொன்னால் கேட்பான். அப்பாவின் வாயைப் பார்த்தவன் நீ.

பதில் போடு.

ஒடில்

⁂

சேன் க்ளோத்,
10 மே 1934

தங்கை ஒடிலுக்கு,

உன் வீட்டார் சுகமாக இருப்பது அறிந்து சந்தோஷம். இங்கே மழை, மற்றபடி குறையில்லை.

நீ சொல்லும் முன்பே கஸ்தோனுக்கு எழுதிவிட்டேன். அப்பாவைப் பற்றியும் எழுதினேன். சிரித்துவிட்டான். கிண்ணம் செய்யத் தெரியாதவன் வியாதி கண்டுபிடிக்கிறான் என்று பதில் போட்டான். ஆனாலும் கோடை முடிந்ததும் டாக்டரிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். இனி யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போடுவானாம். அதனால் நீ ஒன்றும் எழுதாதே. அவன் வீம்பு உனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு வந்தது வேறு. வீணாகக் குழம்பாதே.

அன்செல்ம்

⁂

சேன் க்ளோத்,
10 மே 1934

அன்புத் தம்பி கஸ்தோனுக்கு,

ஜெர்மேனின் இருமல் குறைந்ததா? உன் ஆரோக்கியத்துக்காக ஞாயிற்றுக்கிழமை பூசையில் வேண்டிக்கொண்டேன்.

நாக்கைப் பற்றிக் கவலைப்படாதே. கடல் காற்றுக்கு அப்படி வரும். குறை கிண்ணத்தில்தான். சுவையைத் திரட்டிக் கொடுப்பது வேண்டும் என்றாய், இத்துடன் உயரமான குறுகிய கிண்ணம் ஒன்று வைத்திருக்கிறேன். இதில் நெருப்பு நேராக இறங்கும். மேலே எரிந்ததன் சாரமெல்லாம் கீழே இருக்கிற இலையில் படிந்து, பாதிக்குமேல் போகப் போகக் கெட்டிப்படும். அடிக்கு வரும்போது கொஞ்சம் சுடும், பொறுத்துக்கொள். விடாமல் பிடி, ஒரு நாளைக்கு இரண்டு கிண்ணம் போதாது.

இன்னொன்றும் பெட்டியில் இருக்கிறது. இது வேண்டுகோள். நானே யோசித்து உருவாக்கிய வடிவம், அன்னக்கழுத்து என்று பேர் வைத்திருக்கிறேன். கிண்ணம் பூப்போல் விரிந்து, தண்டு அன்னத்தின் கழுத்தாக வளைந்து மேலேறும். வளைவு அதிகம் என்பதால் புகை போகும் துளை கிண்ணத்தின் அடியைவிடச் சற்று மேலே விழுகிறது. அது குற்றமா குணமா என்று எனக்குப் புரியவில்லை. நானும் பிடித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் வாய்க்கு வைக்கோலும் புகையிலையும் ஒன்று என்று அப்பா ஆட்கள் முன்னால் சொன்னதுதான் உனக்குத் தெரியுமே. அப்போது எனக்குப் பதினெட்டு வயது, உனக்குப் பன்னிரண்டு. அன்றைக்கு என் கையில் இருந்த சுங்கானை வாங்கி உன்னிடம் கொடுத்தார்.

லியோன் சந்தைக்கு இதை வைக்க ஆசைப்படுகிறேன். ஒரு வரி நல்லதாக எழுதினால் போதும். பொய்யாக வேண்டாம், உனக்கே தோன்றினால் எழுது.

அண்ணன்,
அன்செல்ம்

⁂

சேன் க்ளோத்,
2 ஜூலை 1934

தம்பிக்கு,

பத்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஜெர்மேனும் எழுதவில்லை, ஒடிலும் எழுதவில்லை. எல்லோரும் சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன். இங்கே வெயில், ஆற்றில் தண்ணீர் வற்றி மெருகுச் சக்கரம் பாதி நாள் சும்மா நிற்கிறது.

நாக்கு இன்னும் மரத்துத்தான் இருக்கிறதா? அப்படியானால் சாத்வீகமான சுங்கானால் வேலைக்காகாது. இத்துடன் வாய்சுடுவான் ஒன்று அனுப்புகிறேன். பழைய கூலியாட்கள் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு சுமை தூக்குவார்களே, அதே குட்டைச் சுங்கான். தண்டு கட்டைவிரல் நீளம்தான், மூக்குக்குக் கீழேயே கிண்ணம் எரியும். சுவரை மெலிதாகக் கடைந்திருக்கிறேன். நீளத்தண்டில் புகை ஆறிப்போய் வரும், சுவையும் ஆறிவிடும். இதில் ஆறுவதற்கு இடமே இல்லை. சூடு நேராக நாக்கில் விழுந்தால் தூங்குகிற நாக்கு எழுந்துகொள்ளும். எரிகிற இடத்தில்தான் வைத்துப் பிடிக்க வேண்டும்.

வேலை நெருக்கடியில் பழக்கி அனுப்ப நேரமில்லை. நீயே பழக்கிக்கொள்.

அன்னக்கழுத்து பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. செப்டம்பரில் சந்தைக்கான மாதிரிப் பட்டியலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அண்ணன்,
அன்செல்ம்

⁂

லெ ஆவ்ர்,
19 ஆகஸ்ட் 1934

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோடைக்குக் கொஞ்சம் வெளியூர் போய்வந்தோம். ஜெர்மேன் நலம், கடையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் முழங்காலுக்கு வெயில் ஒத்துக்கொள்ளும்.

வாய்சுடுவான் வந்தது. நீங்கள் எண்ணியபடியே வேலை செய்தது. மிக்க நன்றி.

அன்னக்கழுத்தைப் பற்றி இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் வெட்கம். இருபது வருஷமாக உங்களைக் கிண்டல் செய்த வாயால் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அண்ணே, இது அப்பாவுக்கும் வராத வேலை. விரிந்த வாயில் இலைகள் ஒன்றோடொன்று முட்டாமல் எரிகின்றன. முதல் இழுப்பில் உலர்ந்த புல், நடுவில் வறுத்த கொட்டை, கடைசியில் அத்திப்பழத்தின் இனிப்பு. துளை மேலே விழுவது குற்றமே இல்லை. அடியில் தங்குகிற இலை மெத்தைபோல் இருந்து மரத்தைக் காக்கிறது. அப்பா இருந்தால் தன் கையாலேயே முத்திரை குத்தியிருப்பார். முத்திரை போடுங்கள். ஒன்றிரண்டு அல்ல, நல்ல வேர் இருக்கிற அளவுக்குக் கடையுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். அப்பா கடைசி நாட்களில் எப்படி இருந்தார் என்று நீங்கள் ஒருநாளும் எனக்கு விவரமாகச் சொன்னதில்லை. வயதாகிறது, தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. எதுவானாலும் எழுதுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

தம்பி,
கஸ்தோன்

⁂

சேன் க்ளோத்,
27 ஆகஸ்ட் 1934

என் அருமைத் தம்பிக்கு,

நீயும் ஜெர்மேனும் நூறு வயது இருக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலியே மறந்துவிட்டது.

உன் கடிதத்தை முதலில் தனியாகப் படித்தேன். பிறகு பட்டறையில் சக்கரத்தை நிறுத்தச் சொல்லி எல்லோருக்கும் வாசித்தேன். சாயங்காலம் பாலத்தடிக் காப்பிக்கடையிலும் வாசித்தேன். அத்திப்பழம் என்று வந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை, வேறொருவர் வாங்கிப் படித்தார். பாதிஸ்த் மட்டும், "முப்பது வருஷமா இந்த ஆளு வாயிலேருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்ல முதலாளி. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பாதிஸ்த் துளையைப் பற்றி ஏதோ முணுமுணுத்தான். உன் கடிதத்தை அவன் மூக்குக்கு நேரே காட்டினேன், வாயை மூடிக்கொண்டான். மாடியில் அப்பா விட்டுப்போன வேர்க்கட்டைகள் அத்தனையையும் இறக்கச் சொல்லிவிட்டேன். எல்லாம் அன்னக்கழுத்துதான். லியோன் சந்தையில் என் பேர் போட்டுப் பலகை வைக்கப் போகிறார்கள்.

அப்பாவைப் பற்றிக் கேட்டாய். சொல்ல ஒன்றுமில்லை. மார்ச்சளி, வயதும் ஆயிற்று. ஒருநாள் இரவு சூப் குடித்துவிட்டுப் படுத்தார், தூக்கத்திலேயே போய்விட்டார். வலி இல்லை. வாய் நிறையச் சுவையோடு போனார் என்றே சொல்லலாம்.

வாய்சுடுவானை விடாதே.

உன் அண்ணன்,
அன்செல்ம்

⁂

சேன் க்ளோத்,
14 ஜனவரி 1935

தம்பி கஸ்தோனுக்கு,

புது வருஷ வாழ்த்து அனுப்பினேன், பதில் இல்லை. சுகமாக இருக்கிறாயா? ஒடிலிடமிருந்தும் கடிதம் நின்றுவிட்டது. ரயில்வே ஆள் ஒருவர் இங்கே வந்தபோது உனக்கு ஏதோ ஆஸ்பத்திரி என்று சொன்னார், சரியாகத் தெரியவில்லை. அது வதந்தி என்று எழுது.

அன்னக்கழுத்துகள் திரும்பி வருகின்றன. லியோனிலிருந்து, ஜெனீவாவிலிருந்து, பெட்டி பெட்டியாக. அடியில் இலை எரியாமல் தங்கி ஊறுகிறதாம், நாலு நாளில் சாக்கடை நாற்றம் அடிக்கிறதாம். அன்னம் குளிக்க இடம் வைத்திருக்கிறீர்களே என்று ஒரு கடைக்காரர் எழுதியிருக்கிறார். பாதிஸ்த் என் கண்ணெதிரே ஒன்றை நெடுக்காக அறுத்துக் காட்டினான். உள்ளே கறுப்பாகச் சேறு. அடுத்த வாரம் வேறு பட்டறைக்குப் போய்விட்டான். காப்பிக்கடைக்கு நான் போவதில்லை. அங்கே அத்திப்பழம் என்பது இப்போது என் பேர்.

மாடி காலி. அப்பாவின் கட்டை ஒன்றுகூட மிச்சமில்லை.

நீ எழுதியதெல்லாம் உன் வாயில் பட்டதுதானே? உனக்கு அனுப்பியது ஒன்று மட்டும் சரியாக அமைந்து, மற்றவை என் கை பிசகியதாக இருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். ஒரு வரி எழுதிப்போடு. நிஜமாகவே நன்றாக இருந்தது என்று ஒரு வரி.

அண்ணன்,
அன்செல்ம்

⁂

லெ ஆவ்ர்,
3 பிப்ரவரி 1935

அன்செல்ம்,

ஜெர்மேன் நலம். என்னைப் பற்றி நீ கேள்விப்பட்டது வதந்தி அல்ல. அக்டோபரில் பாரிஸில் நாக்கின் இடது பாதியை அறுத்தெடுத்தார்கள். ஜெர்மேன் சூப்பை ஆறவைத்துக் குழாயால் விடுகிறாள். பேச்சு வராது, எழுத வரும். எத்தனை நாளைக்கு என்று டாக்டர் சொல்லவில்லை.

ஜூன் மாதம் ஒடில் அக்கா ரயிலேறி நேராகக் கடைக்கு வந்தாள். குடையை மடக்கக்கூட இல்லை. "அண்ணன் எழுதினானாமே, நீ சிரிச்சியாமே, ஏண்டா சிரிச்ச?" என்று கேட்டாள். என்ன எழுதினார் என்று நான் கேட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து உன் கடிதங்களை எடுத்து மேசைமேல் போட்டேன். எல்லாவற்றையும் படித்தாள். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். "அப்பாவுக்கும் இப்படித்தாண்டா" என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா எதில் செத்தார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மார்ச்சில் வந்திருந்தால் ஊசியோடு போயிருக்கும் என்றார் பாரிஸ் டாக்டர். மார்ச்சில்தான் நீ எனக்குக் காது குத்துகிறதா என்று கேட்டு எழுதியிருந்தாய்.

ஜூலையில் ரேடியம் ஊசிகளை நாக்கில் குத்தி வைத்தார்கள். மிச்சமிருந்த சுவையும் அதோடு போயிற்று. அதற்குப் பிறகு எனக்கு வெங்காயமும் ஈரத்துணியும் ஒன்றுதான். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத்தான் உன் வாய்சுடுவான் வந்து சேர்ந்தது. அதுவரைக்கும் உனக்காக ஜெர்மேனிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். பயந்திருப்பார், எப்படிச் சொல்வது என்று தவித்திருப்பார் என்று சொன்னேன். கிண்ணத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். விரலில் கரி ஒட்டவில்லை. அதோடு வாதாடுவதை விட்டுவிட்டேன்.

அன்னக்கழுத்தை நான் பற்றவைக்கவே இல்லை. துளையில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தேன், போதும். அதற்கு நாக்கே வேண்டாம், கண் இருந்தால் தெரியும். உனக்கும் தெரிந்துதான் இருந்தது, குற்றமா குணமா என்று நீயே கேட்டிருந்தாய். புல்லும் கொட்டையும் அத்திப்பழமும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து நானும் ஜெர்மேனும் சேர்ந்து கண்டுபிடித்தது. அவளுக்கு அத்தி பிடிக்கும்.

ஆனாலும் அந்தக் கடிதத்தில் உனக்கு ஒரு வழி விட்டிருந்தேன். அப்பா எப்படிப் போனார் என்று கேட்டேன். மறைத்துவிட்டேன் தம்பி என்று ஒரு வரி வந்திருந்தால் அன்றைக்கே தந்தி அடித்து வேலையை நிறுத்தியிருப்பேன். தந்தித் தாளை ஜெர்மேன் தலைமாட்டிலேயே வைத்திருந்தாள். வாய் நிறையச் சுவையோடு போனார் என்று நீ எழுதினாய். அவள் அந்தத் தாளில் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டாள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. என் நாக்கு செத்துக்கொண்டிருக்கிறது என்று உலகத்தில் எல்லோருக்கும் முன்னால் தெரிந்தவன் நீ. அந்த நாக்கு ஆகஸ்டில் உன்னைப் புகழ்ந்தபோது எப்படி நம்பினாய்? அதையும் கொல்லலாம், அதனிடமே நல்ல பேரும் வாங்கலாம் என்று நினைத்தாயா?

வாய்சுடுவானை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பழக்காமல் அப்படியேதான் இருக்கிறது.

கடைசியாக ஒரு தீர்ப்பு. போன மார்ச்சில் அப்பாவின் வேரில் ஒரு சட்டிக் கிண்ணம் கடைந்து அனுப்பினாயே, அப்போது என் வலது பக்கத்தில் இன்னும் உயிர் இருந்தது. வெளிறல் என்று எழுதினேன். பொறாமையில் எழுதினேன். அது நீ செய்ததிலேயே மட்டுமல்ல, நம் பட்டறையில் யார் செய்ததிலும் சிறந்த சுங்கான். வாயில் வைத்த நிமிஷத்தில் எனக்கு அப்பாவின் குரலே கேட்டது. இன்னொரு தடவை உன்னைக் கிண்டல் செய்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு நேரில் வந்து சொல்லலாம் என்று வைத்திருந்தேன். இனி அதைச் செய்ய உன்னிடம் மரமும் இல்லை.

இது உண்மையா, அத்திப்பழம் மாதிரியா என்று கேட்டு எழுதாதே. உன் கடிதங்களை ஜெர்மேன் இனிப் பிரிக்க மாட்டாள்.

கஸ்தோன்